எண்ணும்போது பேசக் கூடாது

கரும்பலகையில் என் எழுத்து கோணிக்கொண்டு போயிருக்கிறது. ‘ஈஸ்ட்டின் சுவாசத்தையும் வளர்ச்சியையும் பாதிக்கும் காரணிகள்.’ பதினான்கு வருஷமாக இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதே வரியை எழுதுகிறேன், ஒருநாளும் கோணியதில்லை, மேடம் எழுத்தை வைத்து நோட்டில் கோடு போடலாம் என்று பிள்ளைகள் கேலி பண்ணுவார்கள். இன்றைக்கு ‘சுவாசம்’ வரை நேராக வந்து, ‘வளர்ச்சி’யில் சரிந்து, ‘காரணிகள்’ பலகையின் அடிச்சட்டத்தைத் தொட்டுவிட்டது. அழித்து எழுதலாம். வேண்டாம், கிடக்கட்டும். மணி ஒன்பது நாற்பது. பன்னிரண்டரைக்குச் செய்முறை வகுப்பு முடியும். அதற்குள் என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து தாளை வாங்கிக்கொண்டு நேரே இங்கே வந்துவிடுவார். என் விடுப்பை ஒழுங்குபண்ணக் கல்லூரி அலுவலகம் கேட்கிற தாள். அதில் நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் என் மகள் செத்தே பிறந்தாள் என்று மாநகராட்சிப் பதிவில் ஏறிவிடும், அதற்குமேல் மாற்ற முடியாது. அவள் செத்துப் பிறக்கவில்லை. இருபத்தெட்டு நிமிஷம் மூச்சு விட்டாள். இது எனக்குத் தெரியும், பிரசவ அறையில் இருந்த அந்தச் சின்ன நர்ஸுக்குத் தெரியும். பாப்பாவின் அப்பாவுக்குத் தெரியாது. ஐந்து வாரமாகத் தெரியாது. “மேடம், தண்ணி எத்தனை டிகிரி வைக்கணும்?” என்று முன்பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்கிறாள். பலகையில்தானே எழுதியிருக்கிறது, கண்ணை எங்கே வைத்துவிட்டு வந்தாள். ஐந்து, முப்பது, நாற்பது, அறுபது என்று வாய் தானாகச் சொல்கிறது. வாய்க்கு நான் தேவையே இல்லை போலிருக்கிறது.

நாலு குடுவை, நாலு சூடு. ஒவ்வொன்றிலும் ஈஸ்ட்டு கரைத்த சர்க்கரைத் தண்ணீர், மேலே ரப்பர் மூடி, மூடியிலிருந்து வளைந்து இறங்கும் கண்ணாடிக் குழாய், குழாயின் நுனி பக்கத்துச் சோதனைக் குழாயில் சுண்ணாம்புத் தண்ணீருக்குள். ஈஸ்ட்டு மூச்சு விட்டால் சுண்ணாம்புத் தண்ணீரில் குமிழ் வரும். நிமிஷத்துக்கு எத்தனை குமிழ் என்று எண்ண வேண்டும். இதில் அறிவுக்கு வேலையே இல்லை, கண்ணுக்கும் பொறுமைக்கும்தான் வேலை, அதனால்தான் கெட்டிக்காரப் பிள்ளைகள் இதில் தப்பு விடுவார்கள். இந்த அறையில் ஒரே ஒரு சட்டம். எண்ணுகிறவளிடம் யாரும் பேசக் கூடாது. பேச்சுக் கொடுத்தால் எண்ணுகிறவள் வாயைத் திறக்காமல் உள்ளங்கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். இரு, எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். நான் கொண்டுவந்த சட்டம் இது. வெளியே கல்லூரிப் பேருந்தில்கூடப் பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் கையைத் தூக்கிக் காட்டி என்னைக் கேலி பண்ணுவார்கள், பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துகொள்வேன். ஐந்து டிகிரிக் குடுவையில் ஒன்றும் இல்லை. ஐஸ் கட்டிக்கு நடுவில் சும்மா கிடக்கிறது. செத்துவிட்டதா என்று ஒவ்வொரு வருஷமும் ஒருத்தி கேட்பாள். சாகவில்லை, குளிரில் தள்ளிப்போடுகிறது, எடுத்து வெளியே வைத்தால் தொடங்கிவிடும் என்பேன். அறுபது டிகிரிதான் கொல்லும். முதலில் வேகமாக நாலு குமிழ், ஐந்து குமிழ், பார்க்கிறவளுக்குச் சந்தோஷமாக இருக்கும். அப்புறம் ஒன்றுமே வராது.

வாசனை கிளம்பிவிட்டது. ஆப்ப மாவுக்கும் கள்ளுக்கும் நடுவில் ஒரு வாசனை. முன்பெல்லாம் எனக்கு இது பிடிக்கும், மத்தியானம் வீட்டுக்குப் போனால் சேலையில் இருக்கும், அவர் மோந்து பார்த்து, “ஏட்டி, இன்னைக்கு எந்தக் கள்ளுக்கடைல வேல?” என்பார். இப்போது இதற்குள் பால் புளித்த வாசனை இருக்கிறது. மூன்றாம் நாள் எனக்குப் பால் வந்தது. யாருமே அதைச் சொல்லி வைக்கவில்லை. இருபத்திரண்டு வாரத்தில் வந்த பிள்ளைக்கும் பால் வரும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், நுண்ணுயிரியல் என்றாலும் உயிரியல்தானே படித்தேன். மார்பில் துண்டை மடித்து வைத்துக்கொண்டு அடுக்களையில் நின்றேன், துண்டு நனைந்து, காய்ந்து, இந்த வாசனைதான் வந்தது. அவர் துண்டை அலசிக் கொடியில் போட்டார், கேட்கவில்லை. அவர் எதையும் கேட்கிற ஆள் இல்லை. துறைமுகத்துக்குப் போகிற வழியில் எடைமேடையில் வேலை, நிலக்கரி லாரியும் உப்பு லாரியும் ஏறி நிற்கும், இவர் கண்ணாடிக்குள்ளே இருந்து எண்ணைப் பார்த்துச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பார். என் வயிற்றை அவர் ‘சின்ன லோடு’ என்றுதான் சொல்வார். சின்ன லோடு இன்னைக்கு என்ன பண்ணுது, சின்ன லோடு இறங்குறதுக்கு எத்தனை வாரம் இருக்கு. அவருடைய மேடையில் இருபது கிலோவுக்குக் கீழே எதுவும் காட்டாதாம். ஆஸ்பத்திரித் தராசில் அவள் நானூற்றி எண்பது கிராம் இருந்தாள். அவர் மேடையில் பூச்சியம். இதை நினைக்கக் கூடாது என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

செல்போனையெல்லாம் ஆய்வக உதவியாளர் அமலோற்பவம் அக்காவின் மேஜையில் வைத்துவிட்டுத்தான் ஆய்வகத்துக்குள் வரவேண்டும், நானும்தான். வைப்பதற்கு முன்னால் அவரிடமிருந்து வந்திருந்த செய்தியைப் பார்த்தேன். ‘ஆஸ்பத்திரி வந்துட்டேன். டோக்கன் வாங்கியாச்சு.’ அந்த வார்த்தையில் சேலை முள்ளில் மாட்டுகிற மாதிரி மனசு மாட்டிக்கொண்டது. அன்றைக்கும் டோக்கன்தான். அன்றைக்கும் வியாழக்கிழமை. காலையில் வலி எடுத்து ஆட்டோவில் போய், டாக்டர் பார்த்துவிட்டு, வலியை நிறுத்த ஒரு ஊசி இருக்கிறது, கீழே மருந்துக் கடையில் வாங்கி வாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். இவர் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினது எனக்குக் கேட்டது. அப்புறம் போய் வரிசையில் நின்றிருப்பார். எந்த வரிசையானாலும் நிற்பார். திருச்செந்தூரில் தெரிந்த பூசாரி சிறப்பு வழியில் கூட்டிப்போகிறேன் என்று கையைப் பிடித்து இழுத்தபோதுகூட, வேண்டாம் சாமி, எல்லாரும் நிக்காங்க என்று மூன்று மணி நேரம் என்னையும் வெயிலில் நிறுத்தின மனுஷர். எடைமேடையில் முந்தி வருகிற லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவாராம், முதலாளி மச்சான் வண்டியானாலும் சரி. இவர் பெயரைச் சொல்லி, பொன்னுலிங்கம் அண்ணாச்சி ‘கேட்’ என்றால் டிரைவர்களுக்குத் தெரியும். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் நிறைய எரிச்சலும் உண்டு. பத்து நாற்பது வாக்கில் இறங்கிப் போனார். பத்து ஐம்பதுக்கு அவள் வந்துவிட்டாள்.

“இதுக்குமேல ஒண்ணும் செய்ய முடியாதும்மா, நுரையீரல் இன்னும் ஆகல” என்றார் டாக்டர். பக்கத்து அறையில் இன்னொருத்தி அலறிக்கொண்டிருந்தாள், அங்கே போய்விட்டார். அங்கே பிழைக்கிற பிள்ளை, போகத்தான் வேண்டும், நானாக இருந்தாலும் போயிருப்பேன், அவரைக் குற்றம் சொல்ல எனக்கு ஆசை, முடியவில்லை. சின்ன நர்ஸ் அவளைத் துணியில் சுற்றி என் நெஞ்சில் வைத்தாள். என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம். கண் திறக்கவில்லை. தோல் வழியாக உள்ளே எல்லாம் தெரிந்தது. அப்போது நெஞ்சுக்கூடு ஒரு தடவை உள்ளே போய் வெளியே வந்தது. எதிர்ச் சுவரில் கடிகாரம், அதில் சிவப்பு முள். என்ன செய்திருக்க வேண்டும் நான்? பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். பெயர் வைக்கவில்லை, சின்ன லோடு என்றாவது கூப்பிட்டிருக்கலாம். முத்தம் கொடுத்திருக்கலாம். பாட்டு வராது, ஏதாவது முனகியிருக்கலாம். மற்ற அம்மாக்கள் அப்படித்தான் செய்வார்கள். நான் எண்ணினேன். சிவப்பு முள் பன்னிரண்டைத் தாண்டும்போது தொடங்கினேன். முதல் நிமிஷம் பதினாலு. இரண்டாவது பதினாலு. மூன்றாவது பன்னிரண்டு. நாலாவது பதிமூன்று, அந்த ஒன்று கூடினதுக்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று யாரிடம் சொல்வது. இருபத்தெட்டு எண்ணும் எனக்குத் தெரியும், வரிசையாக, இந்த நிமிஷம் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நான் அவளுக்குக் கொடுத்தது அது ஒன்றுதான்.

சர்க்கரை அதிகமானால் என்ன ஆகும் என்று மூன்றாவது பெஞ்சைக் கேட்கிறேன். வேகமா வளரும் மேடம் என்று கூட்டமாகக் கத்துகிறார்கள். இதுதான் தப்பு, இதைத்தான் எல்லாரும் நினைப்பார்கள். இரண்டு சதவீதம், ஐந்து, பத்து வரைக்கும் நன்றாக மூச்சு விடும். நாற்பது சதவீதச் சர்க்கரையில் போட்டுப் பார், செல்லுக்குள்ளே இருக்கிற தண்ணீரையும் வெளியே இழுத்துவிடும், சுருங்கிப்போகும். உப்பும் அப்படியே. உப்பளத்து ஊரில் இருந்துகொண்டு இதைக்கூட நான் சொல்லித் தர வேண்டுமா. ஐந்து வாரமாக எனக்கு நாற்பது சதவீதம்தான். வந்தவர்கள் எல்லாம் சர்க்கரையாகப் பேசினார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலை டீப்பாயில் வைத்துவிட்டு, நல்லவேளை, முகம் பாத்துப் பழகுறதுக்கு முன்னாலயே போயிட்டு என்றார் அவருடைய சித்தி. வயசு இருக்குல்ல என்றார் எதிர்வீட்டம்மா. எனக்கு முப்பத்தெட்டு, அதையும் அவரே விரலை மடக்கிப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். ஒருத்தர்கூட, எத்தனை நிமிஷம் இருந்தா என்று கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள், இருந்தாள் என்றே தெரியாதே. தெரியாதவர்கள் மேல் கோபப்பட்டு என்ன பிரயோசனம், எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை, ஆறு வாரம் விடுப்பில் ஒரு வாரத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இங்கே வந்தால் முதல் வியாழக்கிழமையே ஈஸ்ட்டு. பாடத்திட்டத்தை நான்தான் போட்டேன், யாரைத் திட்டுவது.

நாற்பது டிகிரிக் குடுவைக்கு முன்னால் உட்கார்ந்துகொள்கிறேன். பிள்ளைகள் எண்ணினது சரிதானா என்று ஒருதரம் நான் எண்ணிப் பார்ப்பது வழக்கம். ஒன்று, இரண்டு, மூன்று. குமிழ் குழாயின் நுனியில் கொஞ்சம் தயங்கி, உருண்டு, விட்டுப் போகிறது. ஒன்பது, பத்து. பின்னால் காலடிச் சத்தம். “ஏம்மா, சாரு போன்ல இருக்காரு” என்று அமலோற்பவம் அக்காவின் குரல், செல்போனைக் கையோடு கொண்டு வந்திருக்கிறார். பதினொன்று, பன்னிரண்டு. என் கை மேலே போயிருக்கிறது. உள்ளங்கை விரிந்து, அவர் முகத்துக்கு நேரே, நானாகத் தூக்கவில்லை, அதுவாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பதிமூன்று. அந்தக் கையை நான் பார்க்கிறேன். இதே கை. இதே மாதிரிதான். ஏழாவது நிமிஷம், ஒன்பது வரை எண்ணியிருந்தேன், சின்ன நர்ஸ் குனிந்து, “மேடம், சாரைக் கூப்பிடவா?” என்று கேட்டாள். இந்தக் கையைத் தூக்கிக் காட்டினேன். அவள் எங்கள் ஆய்வகத்துப் பிள்ளை இல்லையே, அவளுக்கு எப்படித் தெரியும், வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு விலகிப் போய்விட்டாள். எனக்கு அது உறைக்கக்கூட இல்லை. பத்து, பதினொன்று என்று அந்த நிமிஷத்தை முடித்தேன். இருபத்தோரு நிமிஷம் அதற்குப் பிறகு இருந்தது. மாடிப்படி ஏறி வர இரண்டு நிமிஷம். பத்தொன்பது நிமிஷம் அவர் அவளைக் கையில் வைத்திருக்கலாம். “ஏம்மா? சந்தனமாரி? என்னம்மா பண்ணுது?” என்று அக்கா என் தோளைப் பிடிக்கிறார். கை இன்னும் இறங்கவில்லை. அக்காதான் அதைப் பிடித்து இறக்கி, செல்போனை அதில் வைத்து விரலை மூடிவிடுகிறார்.

“சாப்பிட்டியா?” என்றுதான் தொடங்குகிறார் அவர். சாப்பிட்டேன் என்கிறேன், சாப்பிடவில்லை. “தாளு குடுத்துட்டாங்க. வாசிக்கேன், கேட்டுக்கோ. உயிரற்ற நிலையில் பிறந்த பெண் சிசு, எடை நானூத்தி எம்பது கிராம்.” அந்த இடத்தில் நிறுத்துகிறார். சீட்டில் எடையை வாசித்தே பழகின குரல், அந்த எடையை இன்னொருதரம் வாசிக்கிறது. “ரெண்டு இடத்துல உன் கையெழுத்து வேணுமாம். பன்னிரண்டரைக்குள்ள வந்துருதேன், நீ அலைய வேண்டாம்.” சரி என்கிறேன். இப்போதே சொல்லிவிடலாம். போனில் சொல்வது லேசு, முகத்தைப் பார்க்க வேண்டாம். சொன்னால் என்ன கேட்பார்? என்னை ஏன் கூப்பிடல என்று கேட்பார். அதற்கு என்னிடம் இருக்கிற பதில், எண்ணிக்கொண்டிருந்தேன். இதை ஒரு பெண்டாட்டி ஒரு புருஷனிடம் சொல்ல முடியுமா? கைபேசியை அக்காவிடம் திருப்பிக் கொடுக்கிறேன். “வீட்டுக்குப் போறியாம்மா, நான் பாத்துக்கிடுதேன்” என்கிறார். அக்கா, எனக்கு இன்னும் ஒரு குடுவை பாக்கி இருக்கு என்கிறேன்.

பாக்கி இருப்பது தனியாக வைத்திருக்கிற, எண்ணெய் ஊற்றின குடுவை. மேலே ஒரு விரல் உயரம் பாரபின் எண்ணெய் நிற்கும், காற்று உள்ளே போகாது. காற்று இல்லாவிட்டாலும் ஈஸ்ட்டு சாகாது, பிள்ளைகளுக்கு இது பெரிய ஆச்சரியம். காற்று இருந்தால் மூச்சு விட்டு வளரும், மொட்டு விடும், ஒன்று இரண்டாகும். காற்று இல்லாவிட்டால் பிழைத்துக் கிடக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைக் கொல்லுகிற சாராயத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டு. எங்கள் வீடு இப்போது அப்படித்தான் இருக்கிறது. இரண்டு பேரும் சாப்பிடுகிறோம், குளிக்கிறோம், மோட்டார் போட்டு அணைக்கிறோம். குளிர்சாதனப் பெட்டியின் கதவில், தயிர் டப்பாவுக்குப் பின்னால், அந்த ஊசி மருந்து இருக்கிறது. குளிர்ச்சியிலேயே வைக்க வேண்டும் என்று ஐஸ் பையில் போட்டுக் கொடுத்தார்களாம், பதினொன்று இருபத்தைந்துக்கு அவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தபோது சின்ன நர்ஸ் வாசலிலேயே நிறுத்தி, “பொறக்கும்போதே இல்ல சார்” என்றாள். நல்ல மனசில்தான் சொல்லியிருப்பாள், பதிவேட்டிலும் அதையே எழுதிவிட்டாள். நான் உள்ளே இருந்து கேட்டேன். இல்லை என்று கத்தியிருக்கலாம். அப்போதும் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல் திரையின் ஓரம் தெரிந்த அவர் சட்டைக் கையில் ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து அதைப் பெட்டியில் வைத்தார். தினமும் தயிர் எடுக்கிறோம், வைக்கிறோம், அதை எடுத்துப் போட இரண்டு பேருக்கும் கை வரவில்லை. அவர் எதற்காக வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது, கேட்டதில்லை.

பதினொன்றே முக்கால். பிள்ளைகள் மைக்ராஸ்கோப்புக்கு மாறிவிட்டார்கள். ஒரு சொட்டு ஈஸ்ட்டு, ஒரு சொட்டு நீலச்சாயம். உயிரோடு இருக்கிற செல் நீலத்தை அழித்துவிட்டு வெள்ளையாகவே இருக்கும். செத்த செல் நீலத்தை வாங்கிக்கொள்ளும், எதிர்க்க அதற்குத் தெம்பு இல்லை. கட்டம் போட்ட கண்ணாடியில் வைத்து, கட்டத்துக்கு எத்தனை வெள்ளை, எத்தனை நீலம் என்று எண்ண வேண்டும். முத்துப்பேச்சி நோட்டைக் கொண்டுவந்து நீட்டுகிறாள். எல்லாருக்கும் எண்பது தொண்ணூறு என்று வந்திருக்க, இவளுக்கு நூற்றி முப்பத்தொன்று. “மொட்டையும் சேத்து எண்ணியிருக்கியா?” “ஆமா மேடம்.” சிவப்புப் பேனா கையில் இருக்கிறது. மொட்டு தாயில் பாதி அளவாவது இருந்தால்தான் தனிச் செல்லாக எண்ண வேண்டும், அதற்குக் கீழே இருந்தால் எண்ணில் வராது, தாயோடு சேர்த்து ஒன்றுதான். பதினான்கு வருஷத்தில் எத்தனை நோட்டில் இதை அடித்திருப்பேன், எண்ணியிருந்தால் தெரியும். “பாதி இல்லன்னா எண்ணக் கூடாது, படிக்கலியா?” என்கிறேன். “படிச்சேன் மேடம். ஆனா அது வெள்ளையாத்தான மேடம் இருக்கு? நீலம் ஏறலியே. உயிரோடதான இருக்கு?” எதிர்த்துப் பேசுகிற பிள்ளை இல்லை, பயந்துகொண்டுதான் கேட்கிறாள், கண்ணாடி மூக்கில் இறங்கியிருக்கிறது. எல்லாரும் ஒரே மாதிரி எண்ண வேண்டும் என்பதற்காக யாரோ போட்ட கணக்கு அது, வேறு காரணம் கிடையாது. பேனாவை மூடி கோட்டுப் பையில் போட்டுக்கொள்கிறேன். உயிரோடுதான் இருக்கு, போ, உக்காரு என்கிறேன். அவள் நோட்டை வாங்கிக்கொண்டு, எண் சரியா தப்பா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிறாள்.

பன்னிரண்டு இருபதுக்கு அவர் வாசலில் நிற்கிறார். செருப்பைக் கழற்றி வெளியே விட்டிருக்கிறார், இங்கே யாரும் கழற்றுவதில்லை. கையில் பிளாஸ்டிக் உறை. அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, “உக்காருங்க சார்” என்று சொல்லிவிட்டு, “கழுவுறதெல்லாம் பெறவு பாத்துக்கிடலாம், போங்கட்டி” என்று பிள்ளைகளை விரட்டிக்கொண்டு தானும் வெளியே போகிறார். அறையில் நாங்களும் குடுவைகளும்தான். அவர் தாளை மேஜையில் விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் வைக்கிறார். “இங்கயும் இங்கயும்.” நான் பேனாவை எடுக்கவில்லை. “இது என்ன, இன்னும் கொப்பளிக்குது?” என்று நாற்பது டிகிரிக் குடுவையைப் பார்க்கிறார். “ஈஸ்ட்டு. மூச்சு விடுது.” “ம்” என்கிறார். எப்படித் தொடங்குவது என்று ஐந்து வாரமாக ஒத்திகை பார்த்த எதுவும் வரவில்லை, கடைசியில் இருந்ததுதான் முதலில் வருகிறது. “நர்ஸு உங்களைக் கூப்பிடவான்னு கேட்டா. நான் கையைக் காட்டிட்டேன்.” “எப்ப?” “அன்னைக்கு. பாப்பா மூச்சு விட்டுக்கிட்டு இருக்கும்போது.” அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிகிறது. அது முகத்தில் நெற்றியிலிருந்து கீழே இறங்குவதை நான் பார்க்கிறேன். “இருபத்தெட்டு நிமிஷம் இருந்தா. நான் எண்ணிக்கிட்டு இருந்தேன். எண்ணும்போது பேசினா கையைத் தூக்குவேன்ல, அப்பிடித் தூக்கிட்டேன். வேண்டாம்னு சொல்லல. சத்தியமா வேண்டாம்னு சொல்லல. உங்களைக் கூப்பிடணும்னே எனக்குத் தோணல, என்னை மன்னிச்சிருங்க.”

அவர் கத்தவில்லை. பேனாவை எடுத்து மூடியைப் போட்டார். அப்புறம் பின்பையிலிருந்து மணிபர்ஸை எடுத்தார். ஓட்டுநர் உரிமத்துக்குப் பின்னாலிருந்து நாலாக மடித்த ஒரு சின்னச் சீட்டை எடுத்து விரித்துத் தாளின்மேல் வைத்தார். மை பாதி வெளுத்துவிட்டது. மருந்துக் கடை டோக்கன். எண் ஐம்பத்தொன்று. நேரம் பத்து நாற்பத்துநாலு. “நான் போய் நிக்கும்போது முப்பத்தாறு ஓடுச்சு” என்றார். “எனக்கு முன்னால ஒரு பெரியவரு, இருமல் மருந்துக்கு நின்னாரு. என் மூஞ்சியப் பாத்துட்டு, அவசரமா தம்பி, நீ முன்னால போ, இவங்க எல்லார்ட்டயும் நான் சொல்லுதேன்னாரு.” அவர் சீட்டின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டிருந்தார். “நான்தான், வேண்டாம் ஐயா, வரிசப்படியே வாங்கன்னு சொல்லிட்டேன். பெரிய அவசரம் ஒண்ணும் இல்லன்னேன்.” ஊசி நேரத்துக்கு வந்திருந்தால் வலி நின்றிருக்கும் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் இறங்கிப் போன பத்தாவது நிமிஷமே அவள் வந்துவிட்டாள், எப்படி ஓடி வந்திருந்தாலும் ஊசிக்கு நேரம் இருந்திருக்காது என்று சொன்னேன். “ஊசிக்கு இல்லட்டி” என்றார். “பாக்கதுக்கு.”

எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியவில்லை, நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பிறகு அவர், “இதுல கையெழுத்துப் போடாத. நாளைக்கு ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லுவோம்” என்றார். தாளைக் கவிழ்த்துப் போட்டார். வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்து, இடது பக்கம் ஒன்று என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். “சொல்லு.” “என்னத்தை?” “எண்ணினதை. மொத நிமிஷம்.” பதினாலு என்றேன். எழுதினார். சீட்டில் எடை எழுதுகிற அதே கையெழுத்து, ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாக, அடித்தல் இல்லாமல். “ரெண்டு?” பதினாலு. பன்னிரண்டு. பதிமூணு. நாலாவது நிமிஷத்தில் ஒன்று கூடினதை எழுதிவிட்டு நிமிர்ந்தார், “கூடிருக்கு” என்றார், ஆமா கூடுச்சு என்றேன். ஏழாவதில் பதினொன்று என்றபோது எங்கே அந்தக் கை தூக்கினது என்று அவர் கேட்கவில்லை, நானாகவே, இதுலதான், ஒன்பதுல இருக்கும்போது என்றேன், தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். பத்து. எட்டு. ஒன்பது. ஆறு. என் குரல் உடைந்த இடங்களில் காத்திருந்தார், அவசரப்படுத்தவில்லை. “இருபத்தஞ்சு?” ரெண்டு. “இருபத்தாறு?” இல்லை. பூச்சியம் போட்டார். “இருபத்தேழு?” இல்லை. “இருபத்தெட்டு?” ஒண்ணு என்றேன். அந்த ஒன்றை எழுதினார். அதற்குக் கீழே இருபத்தொன்பது என்று எழுதிவிட்டு, பேனாவை எடுக்காமல் கோட்டுக்கு அந்தப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “அப்புறம்?” என்று கேட்டார்.